சட்டை நிறம்

காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்தில் மின்விசிறி கிறீச்சிட்டபடி சுற்றுகிறது. புரோகிராமரின் விரல்கள் கீபோர்டின் மேல் அசையாமல் கிடக்கின்றன. ஜாவா நிரலில் 'ஆள்' என்று ஒரு வார்ப்பு, அதாவது கிளாஸ், எழுதினால் போதும்; பெயர், வயது, சட்டை நிறம் என்று டேட்டாபேஸில் அதற்கான டேபிளை மென்பொருள் தானே கட்டிக்கொள்ளும். அது தொடங்கும்போதெல்லாம் பழைய டேபிளை அதிலுள்ள பதிவுகளோடு இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும்படி, சோதித்துப் பார்க்கும் வசதிக்காகத் தன் கணினியில் அமைத்திருந்தான். இன்று காலை அந்த அமைப்பையும் சேர்த்தே உண்மைப் பதிவுகள் இருந்த அலுவலக சர்வரில் ஏற்றித் தொடங்கிவிட்டான். காப்புப் பிரதி எடுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. சாயங்கால வெயில் படிந்த திரையில் தலைப்புகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. கீழே ஒருவரும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள்.

"என் பையனைப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா தம்பி?"

"விவரத்த இன்னொரு தடவ சொல்லுங்கம்மா, பதிஞ்சுக்கறேன்." திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறான். "என்ன கலர் சட்டை போட்டிருந்தார்?"



"நீலமா... இல்ல, பச்சையா. உங்ககிட்ட பத்திரமா இருக்குன்னுதானே தம்பி நான் மறந்துட்டேன்."