சாம் பாடின நாலு நிமிஷம்

"இன்னா தம்பி, போன வாரம்தானே ரிப்பேரு பண்ணிட்டுப் போனே? நான் வேலையிலேர்ந்து வந்து போட்டுப் பாத்தா மறுபடியும் ஊமையா கீதே!"

காசியம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அருணகிரிக்குச் சுருக்கென்றது. திருக்கழுக்குன்றத்திலிருந்து செய்யூருக்கு வெயிலில் வண்டி ஓட்டி வந்தவன். கம்ப்யூட்டர் ரிப்பேரில் ஒரே கோளாறுக்கு இரண்டு முறை போனான் என்ற பேச்சே அவனுக்கு இதுவரை கிடையாது.

"எம்புள்ள சாம் மகாபலிபுரம் ரோட்டுல அடிபட்டுப் போயி நாளையோட ஒரு வருசம். கடைசியா வூட்டுக்கு வந்தப்போ பாடின கோயில் பாட்டு இதுலதான் கீது. ஒரு தபா கேட்டா போதும் தம்பி."

சொல்லிவிட்டு டீ போடப் போனாள். அவள் கணவர் சின்னராசு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருணகிரியை ஒட்டி உட்கார்ந்தார்.

பொத்தேரியில் இன்ஜினீயரிங் படித்த சாம், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுவைத்திருந்த கம்ப்யூட்டர். ஸ்பீக்கர் நன்றாக இருந்தது, ஒயரும் நன்றாக இருந்தது. அருணகிரி சவுண்டு மிக்ஸரைத் திறந்தான். முதல் பட்டைக்கு அடியில் MM, அதாவது சத்தம் அடைத்திருக்கிறது. அட, போன வாரமும் இதே கதைதான்! கீபோர்டில் M பட்டனை ஒரு தட்டு தட்டினால் சத்தம் நின்றுவிடும், இன்னொரு தட்டு தட்டினால் வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

"ஐயா, இது தானா ஆவாது. யாரோ தட்டிவுட்டுக்கினே இருக்காங்க."

சத்தத்தைத் திறந்துவிட்டு, சாமின் பாட்டை ஓடவிடப் போனான். சின்னராசு அவன் கையை இறுக்கிப் பிடித்தார்.

"வேணாம் நைனா. நான்தான் தட்னேன். எந்தப் பட்டன்னு சாமுதான் காட்டிக் குடுத்திருந்தான்." அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அவன் பாடறப்போ ரெக்கார்டு பண்ணது நானு. மைக்க ஆன் பண்ணணும்னு தோணல, பாவி. நாலு நிமிசமும் ஒண்ணுமே பதியல. மத்ததெல்லாம் பாடி இது மட்டும் பாடலன்னா அவளுக்குத் தெரிஞ்சிடும். பாட்டு உள்ள கீதுன்னு நம்பித்தான் அவ உசுர வச்சிக்கினு கீறா. ஏதோ கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுப்பா."

 அருணகிரி மறுபடி M-ஐத் தட்டிச் சத்தத்தை அடைத்தான்.

டீயுடன் வந்தவளிடம், "சவுண்டு கார்டே போயிடுச்சும்மா. மெட்ராஸ்லேர்ந்துதான் வரணும்" என்றான். பெற்றவளிடம் போய் இப்படிப் புளுகுகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

காசியம்மாள் வண்டிவரை கூடவே வந்தாள். திரும்பி வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா சொன்னே தம்பி. அடுத்த மாசமும் கூப்புடுவேன். இதையே சொல்லு."

"அம்மா...?"

"நான் கேக்கறத நிறுத்திட்டா, எனக்குத் தெரியும்னு அந்த மனுசனுக்குப் புரிஞ்சிடும். அன்னிக்கு பஸ் ஏறறப்பவே சாம் எங்கிட்ட சொல்லிட்டான், 'அப்பா மைக்க ஆன் பண்ணலம்மா, அவராண்ட சொல்லிடாத, சங்கடப்படுவாரு, அடுத்த வாரம் வந்து மறுபடியும் பாடறேன்'னு."