தலைமாட்டுப் படம்

"இன்னைக்கும் படம் கோணலா தொங்குதுங்க!" என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்.

"காத்துல ஆடியிருக்கும், விடு."

"ஜன்னலே திறக்கிறதில்ல. எந்தக் காத்து? கண்ணாடி பூரா விரல் தடம் வேற!"

மாமனார் பக்கவாதத்துல படுத்து ஆறு மாசம் ஆச்சு. பேச்சு போச்சு, கழுத்தும் திரும்பாது. நல்லா இருந்தப்பவே படத்தைப் பார்த்துத்தான் ஜெபம் பண்ணுவார் அந்த மனுஷன். கண்ணை மூடினா மனசு கண்டபடி ஓடுமாம். அதனாலதான் ஹால்ல இருந்த இயேசுவோட திருஇருதயப் படத்தை அவர் தலைமாட்டுச் சுவர்லயே மாட்டினோம். சாயங்காலமானா எல்லாரும் கட்டிலைச் சுத்தி நின்னு, அதைப் பார்த்து சத்தமா ஜெபம் பண்ணுவோம்.

பகல்ல மாமாகூட இருக்கிறது ஹோம் நர்ஸ் மட்டும்தான். அவ நம்ம மதம்கூட இல்ல. அவளுக்கு அந்தப் படத்துகிட்ட என்ன வேலை?

நாத்தனார் போன்ல எரியிற தீயில எண்ணெய் ஊத்தினா. "அண்ணி, அது வெள்ளி ஃப்ரேம்! நைசா கழட்டிட்டு வேற மாட்டிடப் போறா. கையும் களவுமா பிடிங்க."

அவ்வளவுதான். ஏஜென்சிக்கு போன் பண்ணி வேற ஆள் அனுப்பச் சொல்லிட்டேன். மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். செருப்பை வெளியிலேயே விட்டுட்டு, சத்தமில்லாம கதவைத் திறந்தேன்.

சுவர்ல ஆணி மட்டும்தான் இருந்துச்சு!

நர்ஸ் கட்டிலோரமா நின்னு, படத்தை மாமா முகத்துக்கு நேர் மேல தூக்கிப் பிடிச்சிருந்தா. கனம் தாங்காம கை நடுங்குது. மாமாவோட உதடு அசையுது. கண்ணுல தண்ணி.

"என்ன நடக்குது இங்க?"

பதறிட்டா. ஆனா படத்தை இறக்கலை. "ஒரு நிமிஷம்க்கா. ஐயா முடிச்சிடட்டும்."

மாமா இடது கையால மெல்ல சிலுவை போட்டார். அப்புறம்தான் படத்தை ஆணியில மாட்டினா.

நான் கட்டில்கிட்ட போனேன். "எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அவருக்காக ஆசையா மாட்டியிருக்கீங்க. எப்படிக்கா சொல்றது?"

"எதை?"

"ஜெபம் பண்றப்ப நீங்கல்லாம் நின்னுக்கிட்டு ஆண்டவர் முகத்தைப் பாக்குறீங்க. படுத்திருக்கிறவருக்கு உங்க தாடை மட்டும்தான்க்கா தெரியுது."