மேனேஜரின் முழங்கால்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய் என்றால் மிச்சமிருக்கிற பல்லும் இன்றைக்கே கொட்டட்டும்.

அந்த மேனேஜருக்குப் பட்டறையில் வைத்திருந்த பெயர் ‘பாதி’. ரெண்டு பேருக்கு ஒரு டீ, ரெண்டு மேஜைக்கு ஒரு ஃபேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கண் பிளாஸ்மா மெஷின்மேலும் விழுந்தது.

மெஷின் என்றால் பெரிய இரும்புப் பீப்பாய். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, துளி கேஸ் விட்டுக் கரண்ட் கொடுத்தால் ஊதாவாக ஜொலிக்கும். அதிலிருந்து கரி இறங்கி, உலோகத்தின்மேல் வைரத்துக்குத் தம்பி மாதிரி ஒரு தோலாகப் படியும். முடியைவிட மெல்லிசு. ஆணியால் கீறினால் ஆணிதான் அழும். ஆஸ்பத்திரிக்குப் போகிற செயற்கை மூட்டுகளுக்கு அங்கே இந்தத் தோல்தான் போடுவார்கள்.

காலையில் வைத்தால் சாயங்காலம் எடுக்க வேண்டும். மத்தியானமே எடுத்துவிடச் சொல்லி மேனேஜர் உத்தரவு.

“ரெண்டு வருஷமா கரண்ட் பில் குறையவே இல்லையே. என் பேச்சை மீறி முழுசா ஓட்டறே, அப்படித்தானேம்மா?” என்று ஆபரேட்டரைப் பிடித்தார்.

“ஐயோ, நீங்க பாதின்னா பாதிதான் சார்.”

“அப்போ பில்லு?”

“அதை மீட்டரைத்தான் கேக்கணும்.”

“திமிரு! கண்ணுக்கே தெரியாத தோலுக்கு எதுக்கு நாள் பூரா?”

“பாதியில நிறுத்தினா ஒரு நாள் உரியும் சார். மறுபடி அந்தாளு காலைக் கிழிக்கணும்.”

“கிழிக்கட்டுமே. நம்ம காலா?”

வேலைநீக்க ஆர்டர் தயாராக இருந்தது. கையெழுத்துப் போடப் பேனா மூடியைத் திறந்தார். போன் அடித்தது. போன வருஷம் அவருக்கு முழங்கால் மூட்டு மாற்றிய டாக்டர்.

“சார், ஒரு சந்தோஷமான விஷயம்! உங்களுக்கு வச்ச மூட்டுக்கு எங்கே கோட்டிங் போட்டாங்கன்னு இன்னைக்குத்தான் பார்த்தேன். உங்க பட்டறையிலயே! வீட்டுச் சாப்பாடு மாதிரி. இனி என்ன கவலை?”

அதுவரை மாடிப்படியை ரெண்டு ரெண்டாகத் தாவிய கால், அந்த நிமிஷமே விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது.

மேனேஜர் நொண்டி நொண்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

“உட்காருங்கம்மா. போன வருஷம் முட்டி போட்டோமே... அதை முழுசாத்தானே ஓட்டினீங்க?”

“என் புள்ளைங்க மேல ஆணையா, நீங்க சொன்னபடி பாதி.”

“பொய் சொல்லாதீங்கம்மா! நீங்க என் பேச்சை மீறாம இருப்பீங்களா? உங்க திமிரு எனக்குத் தெரியாதா?”

“அந்த ஆர்டர் இருக்கே சார்...”

ஆர்டர் எட்டாகக் கிழிந்தது.

மனுஷன் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழாத குறை. அவளுக்கே பாவமாகப் போய்விட்டது.

“முழுசாத்தான் ஓட்டினேன் சார்.”

“எனக்குன்னு தெரிஞ்சுதானே?”

“தெரிஞ்சிருந்தா உங்க உத்தரவுப்படி பாதியோட நிறுத்தியிருப்பேனே.”

அது அவர் காதில் ஏறவில்லை. வலி போன இடம் தெரியவில்லை. எழுந்து, ரெண்டு தரம் குதித்துப் பார்த்துக்கொண்டார்.

“இனிமே முட்டின்னா முழுசா ஓட்டணும். இது என் உத்தரவு!”

“நல்லது சார். நாளைக்கு இடுப்பு மூட்டு வருது. அதையும் முழுசா...?”

மேனேஜர் இடுப்பை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஒடித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

“இடுப்புக்குப் பாதி போதும்மா.”

“சரி சார்,” என்று தலையை ஆட்டினாள். மறுநாள் சாயங்காலம் வரை அந்தப் பீப்பாய்க்குள் ஊதா வெளிச்சம் அணையவே இல்லை.

இதை நான்தான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். உங்கள் இடுப்பும் ஒரு நாள் தேயும்.