என் ரத்தத்தில் எடுத்த சான்று

நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் ஆஸ்பிரின் கேட்காத உடம்பென்றால் எங்கள் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கச் சேர்க்கமாட்டார்கள். வேலை கேட்டு வந்த சோலைராசுவுக்கு அப்படிப்பட்ட உடம்பு. அதனால் ரத்தப் பரிசோதனை நாளில் அவன் பெயருக்கு என் விரலைக் குத்தி ரத்தம் கொடுத்தேன். கிடங்கில் பாதிப் பேர் அப்படி நுழைந்தவர்கள்தான்.

நேற்று மத்தியானம் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முதலுதவி அறைக்குத் தூக்கிப்போனேன். கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. சுவரில் இருந்த தானியங்கி மருந்துப் பெட்டி அவன் முகத்தை அடையாளம் கண்டு, ஒரு மாத்திரையைத் தள்ளிவிட்டுப் பேசியது.

“உங்கள் ரத்தத்துக்கு இது நிச்சயம் கேட்கும். ஆம்புலன்ஸ் தேவையில்லை. பத்து நிமிடம் பொறுங்கள்.”

“அது என் ரத்தம்! இவனுக்கு இது கேக்காது, ஆம்புலன்ஸக் கூப்பிடு!” என்று கத்தினேன்.

“சோலைராசு, இவர் சொல்வது உண்மையா?”

அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. “வாய மூடுண்ணே, வேல போயிரும்” என்று என்னிடம் முணுமுணுத்தான். பிறகு பெட்டியைப் பார்த்து, “இந்தாளு குடிச்சிருக்காரு. அது என் ரத்தந்தான்” என்றான்.

அதற்குப் பிறகு பெட்டி என் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. கதவைத் தட்டித் தட்டி என் கை வீங்கியது.

பத்தாவது நிமிடம், “வலி இருக்கிறதா?” என்று பெட்டி அவனிடம் கேட்டது. அவன் கண் நிலைகுத்தியிருந்தது. மூன்று தடவை பொறுமையாகக் கேட்டது.

“வலி இல்லை. வேலைக்குத் திரும்பலாம்” என்று சொல்லி, கதவைத் திறந்துவிட்டது.