கால்வாயில் பிரிந்த இருவர்

மாலத்தீவுக் கால்வாயில் நீரோட்டம் திடீரென்று வேகமெடுத்தது. முக்குளிப்பு வழிகாட்டி ஃபயாஸோடு கடலுக்குள் இறங்கிய இரண்டு பெண்களையும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. ஒருத்தியைத்தான் அவனால் துரத்திப் பிடிக்க முடிந்தது.

அவன் பிடித்துக் கொண்டுவந்த ஜப்பான் பயணி படகில் ஏறியதும் தேம்பித் தேம்பி அழுதாள்.

"அவளை எப்படி விட்டே நீ?" என்றார் படகோட்டி நசீர்.

"அவ சமாளிச்சுக்குவா. இந்தம்மா என்னை நம்பி வந்தவங்க. படகைத் திருப்புங்க காக்கா." ஃபயாஸ் படகின் முனையில் ஏறி நின்று கடலைத் துழாவினான்.

பொழுது சாயும்போது, வெளிக்கடலில் மிதந்துகொண்டிருந்தவளைக் கண்டுபிடித்துத் தூக்கினார்கள். ஃபயாஸ் துண்டைப் போர்த்தினான். அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

"உங்க மக நான் கை நீட்டினதைப் பார்த்துட்டுத்தானே அந்தப் பக்கம் திரும்பினீங்க, வாப்பா?"