ஒழுகுகிற அறை

மச்சைத் துளைக்கும் மாசிப் பனியில், கார்த்திகையிலிருந்து பூட்டிக் கிடந்த மலை விடுதியைத் திறக்க ரெஜினா ஏறி வந்தாள். துணைக்குக் காவலாளி மாசாணம் வந்திருந்தார். விறகு பொறுக்கப் போன அவள் கணவன் சூசை மூடுபனிக்குள் காணாமல் போய், எல்லோரும் தேடி ஓய்ந்த பிறகு பூட்டிய விடுதி அது. நாளை விருந்தினர் வருகிறார்கள்.

ஒவ்வொரு அறையாக ஜன்னலைத் திறந்து, பூஞ்சை வாடையடித்த மெத்தைகளை உதறினாள். வாளித் தண்ணீர்கூட உறைந்து கிடந்தது. கடைசி அறையில் கம்பளியை உருவியவள் சட்டென்று நின்றாள். படுக்கை கதகதவென்று இருந்தது, இப்போதுதான் ஒருவர் எழுந்து போனது போல. அந்தச் சூட்டை அவள் கைக்குத் தெரிந்திருந்தது. கம்பளியை மறுபடி விரித்து, அதன்மேல் இன்னொன்றையும் போர்த்தி, ஓரங்களைச் செருகினாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

“இந்த ரூமு ஒழுகுதுண்ணே. யாருக்கும் குடுக்க வேணாம்னு மொதலாளிகிட்ட சொல்லிருங்க.”

“மழையே பெய்யலயே தங்கச்சி?”

உள்ளே கட்டில் மெல்லக் கிறீச்சிட்டது, தூங்குகிறவர் புரண்டு படுப்பது போல. மாசாணம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆமா, ஒழுகத்தான் செய்யுது” என்றார்.