கேஷ் கேபினில் இன்னொரு நாற்காலி

"டீயா இது? வெந்நீர்ல கலரக் கலந்து குடுத்தா டீ ஆயிடுமா?"

இளவரசி பேப்பர் கப்பை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தாள். டீக்கடைக் கன்னியப்பன் அடுத்த மேசைக்கு நகர்ந்தான். அவள் எரிந்து விழுவது அந்த வங்கிக் கிளையில் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று.

கோபம் டீ மேல் இல்லை. ஆல்வின் மேல். கொரோனா மறுபடி பரவத் தொடங்கியதும், லோன் பிரிவு ஆல்வினுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்க மேனேஜர் அனுமதி கொடுத்திருந்தார். அவன் மனைவி சோபியாவுக்கு ஒன்பதாம் மாதம். அவன் பெருநகர் என்ற ஊரில் தன் வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்க, அவனைத் தேடி வரும் கூட்டமும் சேர்ந்து கேஷியர் இளவரசியின் முன்னால் நின்றது.

அவள் மேனேஜர் அறைக்குப் போய், பெட்டகச் சாவியை மேசையில் வைத்தாள்.

"இன்னைக்கு அவன் வர்லன்னா நாளைக்கு நான் வர்ல சார். வூட்ல குந்திகினு கீறவனுக்கும், இங்க செத்துகினு கீற எனக்கும் ஒரே சம்பளமா?"

"அவன் வீட்ல மாசமா ஒரு பொண்ணு இருக்கும்மா..."

"எனக்கும் வூட்ல புள்ளைங்க கீது. தெனம் ஊர் சனத்தோட மூஞ்சிக்கு நேரா குந்துறேன். எனக்கு இன்னா ஆயிடுச்சி?"

மேனேஜர் புருஷோத்தமன் தன் கப்பில் இருந்த அதே டீயை ரசித்துக் குடித்து முடித்தார். பிறகு போனை எடுத்தார்.

ஆல்வின் வந்து சேர்ந்தபோது வாசலில் காவலாளி எல்லப்பன், மாகறல் ஊர்ப் பெரியவர் ஒருவரை மறித்திருந்தான்.

"காய்ச்சல் கீதா? இருமல் கீதா? வாசன தெரியுதா?"

"உம்மேல அடிக்கிற பீடி வாசன பஸ் ஸ்டாண்டு வரிக்கும் வருது. வழிய வுடுப்பா."

வரிசை சிரித்தது. ஆல்வின் சிரிக்கவில்லை. அதே மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு உள்ளே வந்தான்.

"வாங்க மாப்பிள்ளை! இன்னாது ரெண்டு மாஸ்க்கு? ஒண்ணு உனுக்கு, ஒண்ணு லேப்டாப்புக்கா?" என்றாள் இளவரசி.

"மேடம், நான் என் சீட்டுலயே..."

"இங்க வந்து குந்து. நான் பட்டது உனுக்கும் தெரியட்டும்."

ஒருத்தர் புழங்கவே இடம் போதாத கண்ணாடி கேபின் அது. அவளைத் தவிர வேறு யாரும் அதற்குள் வருவதில்லை. தன் நாற்காலியை ஒட்டி இன்னொன்றை இழுத்துப் போட்டாள். தோளோடு தோள் இடித்தது.

"சோபியாவுக்கு மூச்சு வாங்குது மேடம். வெளியிலேர்ந்து எதையும் வூட்டுக்குள்ள கொண்டு வந்துடாதன்னு டாக்டர் சொல்லிகீறாரு. ரெண்டு உசுரு."

இளவரசி மாஸ்க்கை முகவாய்க்கு இறக்கிக்கொண்டு அவன் முகத்தருகே குனிந்தாள்.

"ஊர்ல இல்லாத பொண்டாட்டி! நாங்கள்லாம் புள்ள பெக்கலையா? நோவுக்குப் பயந்தவன் எதுக்குடா வேலைக்கு வந்த?"

ஆல்வின் மாஸ்க்குக்கு மேல் கையை வைத்து மூக்கை அழுத்திக்கொண்டான்.

"பாருங்க சார், மூக்கப் பொத்திக்கிறான்! நான் இன்னா சீக்காளியா?" என்று அவள் கத்தியது வாசல்வரை கேட்டது.

அவன் குனிந்து பார்த்து, அவள் காலடியில் இருந்த குப்பைக் கூடையைக் காலால் தள்ளினான். அதன் பின்னால் ஒரு எலி, வயிறு ஊதி, எறும்பு மொய்த்துக் கிடந்தது. செத்து ரெண்டு மூணு நாளாகியிருக்கும். கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள்கூட நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பினார்கள்.

"அட, இது எப்ப வந்து செத்துது?" என்றாள் இளவரசி, மூக்கைக்கூடச் சுளிக்காமல்.

ஆல்வின் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். சுவர் தடுத்தது.

"மேடம்... உங்களுக்கு வாசன தெரியலையா?"